ஜி.இ.டி. ஆண்டு: ஒரு பிராக்கெட்டுடன் ஐந்து துறைகள்

பொறியியல் படித்து முடித்து ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கமுள்ள வாகன உதிரிபாக ஆலைகளில் வேலை தேடுகிறவர்களின் காதில் முதலில் விழும் சொல் ஜி.இ.டி., அதாவது பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர். பெரும்பாலும் ஓராண்டுக் காலத்துக்கு நிறுவனம் நம்மைத் துறை துறையாகச் சுற்றவிட்டு, முடிவில் ஏதேனும் ஒரு துறையில் உதவிப் பொறியாளராக அமர்த்தும். நெல்லைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் முடித்த நான், ஓரகடத்தில் தகடு அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் இந்தப் பயிற்சியைக் கடந்தேன். இதே வழியில் வர நினைக்கும் தம்பி தங்கைகள் பலர் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்பதால், நடந்தவற்றைக் கோவையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே ஆலையில், ஒரே நிறச் சட்டையில், ஜி.இ.டி.யும் பட்டதாரி அப்ரண்டிஸும் அருகருகே நிற்பார்கள். அப்ரண்டிஸ் என்பவர் 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் வருகிறவர். அவருக்குக் கிடைப்பது ஊதியம் அன்று, உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் அவரை வேலைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஜி.இ.டி. முதல் நாளிலிருந்தே ஊழியர். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் உண்டு, முடிவில் பணி உறுதி செய்யப்படும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. என்னுடன் படித்த தோழி ஒருத்தி தன் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாராமல் கையெழுத்திட்டு, ஓராண்டு கழித்துச் சான்றிதழோடு வெளியே வந்து மறுபடியும் வேலை தேடினாள். அந்தச் சான்றிதழ் அவளுக்கு அடுத்த வேலையில் பயன்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதில் சேர்கிறோம் என்பதை அறிந்து சேர்ந்தால் இரண்டுமே நல்ல வழிகள்தான்.

தேர்வு முறையில் புதுமை எதுவும் இல்லை. நிலுவை அரியர் இருக்கக்கூடாது, எல்லாப் பருவங்களிலும் அறுபது விழுக்காட்டுக்கு மேல் வேண்டும் என்ற வடிகட்டலுக்குப் பின் எழுத்துத் தேர்வு, குழு விவாதம், தொழில்நுட்ப நேர்காணல், மனிதவளத் துறையின் நேர்காணல், கடைசியில் மருத்துவப் பரிசோதனை. தொழில்நுட்ப நேர்காணலில் ஜிக், ஃபிக்ஸ்சர் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார்கள். ஃபிக்ஸ்சர் பொருளைப் பிடித்து மட்டும் வைக்கும், ஜிக் வெட்டும் கருவிக்கு வழியும் காட்டும் என்றேன். உடனே, கல்லூரிப் பணிமனையில் நீங்கள் கையால் தொட்ட ஒரு ஜிக்கைச் சொல்லுங்கள் என்றார்கள். புத்தகத்து விடையைத் தாண்டிய அந்த இரண்டாவது கேள்விதான் எல்லோரையும் பிரிக்கிறது. இறுதியாண்டுத் திட்டத்தைக் காசு கொடுத்து வாங்காமல் கையால் செய்தவர்களுக்கு அது எளிது.

பணி அமர்வுக் கடிதம் வந்ததும் வீட்டில் எல்லோரும் பார்த்தது ஆண்டுத் தொகையை. அதைப் பன்னிரண்டால் வகுத்து வரும் தொகை கைக்கு வராது. நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வைப்பு நிதியும், அடிப்படை ஊதியத்தில் 4.81 விழுக்காடு என்று கணக்கிடும் பணிக்கொடையும் அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கும். பணிக்கொடைக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கிலிருந்து வரும் எண் அது. நான் சேர்ந்தபோதிருந்த விதிப்படி ஐந்தாண்டு பணி செய்தால்தான் கையில் கிடைக்கும். இதைத் தவிர இரண்டாண்டுப் பாண்டு ஒன்றும் இருந்தது. இடையில் விலகினால் பயிற்சிச் செலவாக ஒரு தொகை கட்ட வேண்டும் என்பதோடு, அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்குமாறு கேட்டார்கள். அசல்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள், சான்றொப்பமிட்ட நகல்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சலில் பணிவாக எழுதினேன். மறுப்பில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கும் பல விஷயங்கள் கேட்காததால் மட்டுமே கிடைக்காமல் போகின்றன. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பாண்டில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அதை உச்சவரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டை மட்டுமே கோரலாம் என்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வாரம் அறிமுக வகுப்புகளிலும் பாதுகாப்புப் பயிற்சியிலும் கழிந்தது. பிறகு அட்டவணை கொடுத்தார்கள்: தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப், தரக்கட்டுப்பாடு, ஸ்டோர்ஸும் உற்பத்தித் திட்டமிடலும், கொள்முதல், வாடிக்கையாளரின் ஆலை, அதன் பிறகு ஒரு திட்டப்பணி. ஒவ்வொரு துறையிலும் பயிற்சியாளர் என்பவர் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவினர் போலத்தான்: உட்காரச் சொல்வார்கள், டீ கொடுப்பார்கள், எந்தப் பொறுப்பும் தரமாட்டார்கள். சில வாரங்களில் போய்விடப் போகிற ஆளுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் நேரத்தில் தானே செய்து முடித்துவிடலாம் என்று மேற்பார்வையாளர் நினைப்பது இயல்பு. இதற்கு நான் கண்டுகொண்ட வழி, ஒரே ஒரு உதிரிபாகத்தைத் தேர்ந்தெடுத்து அதையே எல்லாத் துறைகளிலும் தொடர்ந்து போவது. கார் இருக்கைக்கு அடியில் பொருத்தும் சிறு பிராக்கெட், அதாவது தாங்குத் தகடு அது. இரண்டரை மில்லிமீட்டர் கனத் தகட்டில் செய்வது. எந்தத் துறைக்குப் போனாலும் அதைப் பற்றிக் கேட்க எனக்கு ஒரு கேள்வி கைவசம் இருந்தது. குறிப்பான கேள்வியோடு வருகிறவரை யாரும் டீ கொடுத்து உட்கார வைப்பதில்லை.

பிரஸ் ஷாப்பில் அந்தப் பிராக்கெட்டின் துளையைத் தடவிப் பார்க்கக் கற்றேன். தகட்டை வெட்டி வடிவம் தரும் அச்சுக்கு டை என்று பெயர்; அதில் துளையிடும் ‘பஞ்ச்’ கருவியின் முனை மழுங்க மழுங்கத் துளையின் அடிப்பக்கத்தில் பிசிறு ஏறும். அதைத் தொழிலாளர்கள் ‘பர்’ என்பார்கள். தகட்டின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பர் போகக்கூடாது என்பது அங்கே பின்பற்றிய அளவு, ஆகவே எங்கள் பிராக்கெட்டுக்குக் கால் மில்லிமீட்டர். கருவி வைத்து அளப்பதற்கு முன்பே, கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் விளிம்பை ஒருமுறை வருடி, இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டலாம், டையை இறக்கிச் சாணைக்கு அனுப்பணும் என்று சொல்லிவிடுகிற ஆபரேட்டர்கள் இருந்தார்கள். அளந்து பார்த்தால் அவர்கள் சொன்னதற்கு அருகில்தான் இருக்கும். இயந்திரத்தை இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் இயக்க முடியும் என்ற ஏற்பாடும், கை உள்ளே போனால் நிறுத்திவிடும் ஒளித்திரையும் ஏன் இருக்கின்றன என்பதை, பழைய காலத்தில் வேலை செய்த ஒருவரின் விரல்களைப் பார்த்தபோது வகுப்பு எடுக்காமலே புரிந்துகொண்டேன்.

இங்கே ஷிஃப்ட் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் என்பதால் என்னைக் காலை ஆறு மணி ஏ ஷிஃப்ட்டிலும் ஜெனரல் ஷிஃப்ட்டிலும் மட்டுமே போட்டிருந்தார்கள். டை மாற்றமோ அதிகமும் இரவு நேரத்தில் நடந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களின் இரவுப் பணிக்கு இருந்த தடையை 2000-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்று கூறி, போக்குவரத்து, பாதுகாப்பு, தனியாக விடாமல் குழுவாகப் பணியமர்த்துவது போன்ற நிபந்தனைகளோடு அனுமதித்திருந்தது. ஆகவே சட்டம் வழியில் நிற்கவில்லை, வழக்கம்தான் நின்றது. என் சம்மதக் கடிதத்தைக் கொடுத்து, உடனிருந்த இன்னொரு பயிற்சியாளரையும் சேர்த்துக்கொண்டு, வாசல் வரை கொண்டுவிடும் வண்டிக்கு மனிதவளத் துறையிடம் ஏற்பாடு கேட்ட பிறகே அந்த வாய்ப்பு வந்தது. பயிற்சி ஆண்டின் மிகப் பயனுள்ள வாரங்கள் அவைதான் என்பேன்.

தரக்கட்டுப்பாட்டில் அதே பிராக்கெட் எண்களாக மாறியது. சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் இந்தியாவிலேயே முதலாவதாக, தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருது பெற்ற வட்டாரம் இது. குறையின் காரணங்களைக் கிளை கிளையாக வரையும் மீன்முள் வரைபடம் உள்ளிட்ட ஏழு தரக்கட்டுப்பாட்டுக் கருவிகளும் இங்குள்ள மேற்பார்வையாளர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அங்கே என்னை வியக்க வைத்தது வேறு. பிரஸ் ஷாப்பில் ‘இதெல்லாம் ஓடும்’ என்று அனுப்பிய பிராக்கெட் இங்கே நிராகரித்தவற்றைப் போடும் சிவப்புப் பெட்டிக்குப் போகும். இரண்டு பக்கத்திலும் நேர்மையான மனிதர்களே இருந்தார்கள். ஒருவர் துளையைப் பார்த்தார், மற்றவர் அந்தத் துளைக்குள் போகும் போல்ட்டைப் பார்த்தார்.

ஸ்டோர்ஸிலும் திட்டமிடலிலும் நான் அதிகம் கற்கவில்லை, பெரும்பாலும் இருப்பும் கணக்கும் பதியும் எஸ்.ஏ.பி. மென்பொருள் திரையில் பதிவுகளைச் சரிபார்த்தேன். மழைக்காலத்தில் தகட்டுச் சுருளின் வெளிச்சுற்றுகளில் துரு பிடித்தால் அதை யார் கணக்கில் எழுதுவது என்ற சண்டையை மட்டும் அருகிலிருந்து பார்த்தேன்.

கொள்முதலில்தான் பிராக்கெட்டின் விலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. முடிந்த பிராக்கெட் 180 கிராம் என்றால், அதற்காகச் சுருளிலிருந்து செலவாகும் தகடு 260 கிராம். மிச்சமுள்ள 80 கிராம் கழிவாக, வாங்கிய விலையைவிட மிகக் குறைந்த விலைக்குப் போகிறது. அதாவது தகட்டில் 69 விழுக்காடுதான் பொருளாகிறது. எஃகு விலை ஏறும்போது வாடிக்கையாளரிடம் விலைத் திருத்தம் கேட்டு வாதாடுவதைக் கொள்முதல் அலுவலர் கலையாகவே செய்தார். ஆனால் சுருளில் பிராக்கெட்டை எந்தக் கோணத்தில் அடுக்கி வெட்டுகிறோம் என்பதிலேயே அந்தப் பணத்தில் ஒரு பகுதி இருக்கிறது என்பதை அவரிடம் பிரஸ் ஷாப்பிலிருந்து யாரும் வந்து சொன்னதில்லை. துறை மாறிப் போகிறவருக்கு மட்டுமே கண்ணில் படும் இடைவெளிகள் இப்படிப்பட்டவை. ஆலையில் வேறு எவருக்கும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்க்கும் ஓய்வு இல்லை.

வாடிக்கையாளரின் ஆலையில் சில வாரங்கள் எங்கள் நிறுவனத்தின் ஆளாக நின்று, குறை சொல்லப்பட்ட பிராக்கெட்டுகளைப் பிரித்தெடுத்துக் கொடுத்தேன். திட்டு வாங்கப் பழகிக்கொள்ள ஏற்ற இடம்.

திட்டப்பணியாக டை மாற்றும் நேரத்தைக் குறைப்பதை எடுத்தேன். ஒரு ஷிஃப்ட்டில் உணவு, தேநீர் நேரம் போக 430 நிமிடங்கள் இருந்தன. மூன்று முறை டை மாற்றினால், ஒவ்வொன்றுக்கும் ஐம்பது நிமிடம் என்று 150 நிமிடம் இயந்திரம் சும்மா நிற்கும். ஓடக் கிடைப்பது 65 விழுக்காட்டு நேரம் மட்டுமே. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ வகுத்த முறைப்படி, இயந்திரம் நின்றால்தான் செய்யக்கூடிய வேலைகள் எவை, ஓடும்போதே செய்துவைக்கக்கூடியவை எவை என்று முதலில் பிரிக்க வேண்டும். அதற்காக வீடியோ எடுக்கத் தொடங்கியதும் மூத்த டை செட்டர் ஒருவர், “என்னம்மா, படம் புடிச்சு மேல குடுத்து எங்க ஆள குறைக்கப் போறியா?” என்று நேராகவே கேட்டார். “இல்லண்ணே, மொதல்ல நீங்க பாருங்க, நீங்க சரின்னு சொன்னாத்தான் மேல போவும்” என்றேன். சொன்னபடியே கேன்டீனில் அவர்களுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். டையை இயந்திரத்தில் இறுக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தேடி அவர் ஷாப்பின் மறுகோடிக்கு நடப்பதையும், ஃபோர்க் லிஃப்ட்டுக்காகக் கைகட்டி நிற்பதையும் தானே பார்த்துச் சிரித்தார். “போல்ட்ட டைகூடவே ஒரு வண்டில வெச்சா போதும்மா” என்ற யோசனை அவருடையது. எல்லா டைகளின் உயரத்தையும் அடித்தட்டு வைத்து ஒன்றாக்கினால் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் உயரத்தைத் திருத்த வேண்டியதில்லை என்றது டைகளைச் செய்து பராமரிக்கும் டூல் ரூம். மாற்றும் நேரம் 28 நிமிடத்துக்கு வந்தது. ஓடக் கிடைக்கும் நேரம் எண்பது விழுக்காடானது. அறிக்கையின் முதல் பக்கத்தில் டை செட்டர்களின் பெயர்களைப் போட்டேன். ஆள் குறைப்பு எதுவும் நடக்கவில்லை. அப்படி நடந்திருந்தால் இதைப் பெருமையாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆண்டின் இறுதியில் துறைத் தலைவர்கள் முன்னிலையில் விளக்கவுரை ஒன்று தர வேண்டும்; அதற்கு முன் எந்தத் துறை வேண்டும் என்று மூன்று விருப்பங்களை எழுதித் தரச் சொல்வார்கள். அந்தப் படிவத்துக்கும் விளக்கவுரைக்கும் ஓரளவு மதிப்புண்டு. ஆனால் இடம் முடிவாவது அதற்கு வெகு முன்பே, இந்தப் பெண்ணை எனக்குக் கொடுங்கள் என்று எந்தத் துறைத் தலைவர் கேட்கிறார் என்பதில்தான். எங்கள் அணியில் மிக அழகாக விளக்கவுரை தந்த ஒருவர், எந்தத் துறையிலும் யாருக்கும் ஒரு வேலையும் முடித்துக் கொடுக்காததால், விரும்பாத இடத்தில் அமர்த்தப்பட்டார். மாதாந்திர அறிக்கையில் ‘கற்றுக்கொண்டேன்’ என்று எழுதுவதைவிட, ‘இந்த அளவைப் படிவத்தைத் திருத்திக் கொடுத்தேன்’ என்று ஒரு வரி எழுத முடிந்தால் அதை ஒரு துறைத் தலைவராவது நினைவில் வைத்திருப்பார். என்னைக் கேட்டது தரக்கட்டுப்பாடும் செயல்முறைப் பொறியியலும். இரண்டாவதில் போட்டார்கள், நான் எழுதியிருந்த முதல் விருப்பமும் அதுவே.

பணி உறுதிக் கடிதம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று. பாண்டின் காலம் சேர்ந்த நாளிலிருந்தா, பணி உறுதியான நாளிலிருந்தா என்பது முதலாவது; எங்கள் கடிதத்தில் அது தெளிவில்லாமல் இருந்ததால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டு, சேர்ந்த நாளிலிருந்து என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம். பயிற்சி ஆண்டு பணிக்காலத்தில் சேருமா என்பது இரண்டாவது. பின்னாளில் பணிக்கொடைக்கு அது வேண்டும். மூன்றாவது, வைப்பு நிதிக் கணக்கின் யு.ஏ.என். எனப்படும் நிரந்தர எண்ணில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பது. என் முன்னெழுத்து அங்கே முன்னாலும் இங்கே பின்னாலும் இருந்ததைத் திருத்தி முடிக்க, டை மாற்றும் நேரத்தைக் குறைத்ததைவிட அதிக நாள் பிடித்தது.