செயலாளர்களின் கையில் ஒரு கலையுலகம்

சென்ற மாதம் வெள்ளவத்தை வீட்டின் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, 2009 இல் நான் செய்த ஒரு படைப்பின் இறுவட்டு அகப்பட்டது. 101 ஆம் இலக்க பஸ்ஸின் நடத்துநர்கள் தரிப்பிடங்களின் பெயர்களைக் கூவுவதைப் பதிவுசெய்து, காலி வீதியின் வரைபடத்தின் மேல் சுட்டியை நகர்த்தும்போது அந்தந்த இடத்துக்குரிய குரல் எழும்படி ஃபிளாஷ் மென்பொருளில் அதை அமைத்திருந்தேன். இணைய உலாவியில் திறப்பதற்கென்று செய்யப்பட்ட அந்தப் படைப்பு இப்போது திறக்க மறுக்கிறது. ஃபிளாஷ் இயக்கிக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டிக் காட்டும் செயலி ஒன்றில் இட்டுப் பார்த்தபோது, வரைபடம் தெரிந்தது, குரல்கள் வரவில்லை.

கணினியையும் இணையத்தையும் ஊடகமாகக் கொள்ளும் இலத்திரனியல் கலையில் ஈடுபடும் எவருக்கும் இது புதிய கதை அல்ல. ஓவியம் மங்குவதற்கு நூறாண்டுகள் எடுக்கலாம், எங்கள் படைப்புகளோ பத்தாண்டுகளில் ஊமையாகிவிடுகின்றன. அதனால்தான் இந்தத் துறையின் சர்வதேச அமைப்புகளை யார் நடத்துகிறார்கள், அவர்கள் நாளாந்தம் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை நான் சற்றுக் கூர்ந்து பார்ப்பதுண்டு. அவற்றுள் என் மனத்துக்கு நெருக்கமானது ஐ.எஸ்.இ.ஏ. என்ற பெயரில் அறியப்படும் இலத்திரனியல் கலை மாநாடும் அதன் பின்னால் நிற்கும் சிறிய அமைப்புமாகும்.

அதன் முதலாவது மாநாடு 1988 இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கூடியது. அதற்கு முன்முயற்சி எடுத்தவர்கள் தியோ ஹெஸ்பர், விம் வான் டெர் பிளாஸ் ஆகிய இருவர். இரண்டாவது மாநாடு நடந்த 1990 இல், குரோனிங்கன் நகரில், உலகெங்கும் சிதறிக் கிடந்த கலை, அறிவியல், தொழில்நுட்ப நிறுவனங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் நோக்கத்துடன் ஓர் அமைப்பும் உருவாக்கப்பட்டது. ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1979 முதல் நடைபெறும் ஆர்ஸ் இலக்ரோனிக்கா என்ற இலத்திரனியல் கலை விழாவுக்கு நிலையான நகரமும் கட்டடமும் உள்ளன. ஐ.எஸ்.இ.ஏ. மாநாடு அப்படியன்று, ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கும் நாடகக் குழுவைப் போன்றது. சிட்னி, நகோயா, சிங்கப்பூர், இஸ்தான்புல், டுபாய், ஹொங்கொங் என்று அது நடந்துகொண்டே இருக்கிறது; 2004 இல் போல்டிக் கடலில் ஓடும் பயணக் கப்பலிலும் கூடியிருக்கிறது. 2018 இல் டேர்பன் நகரில் கூடியபோதுதான் முதன்முறையாக ஆபிரிக்க மண்ணை மிதித்தது. தெற்காசியாவுக்கு இன்னும் வரவில்லை.

இத்தகைய அமைப்பில் தலைமை என்பது மேடையில் நின்று கொள்கை முழங்குவதாக இருக்க முடியாது. மாநாட்டின் பணமும் மண்டபமும் அழைப்புகளும் அந்தந்த ஆண்டு ஏற்று நடத்தும் நகரத்தின் பொறுப்பாக இருப்பதால், மையத்தில் இருப்பவர்களுக்கு எஞ்சுவது கடிதம் எழுதுவதும், அடுத்த நகரத்தைத் தேடுவதும், சென்ற நகரம் விட்டுச்சென்றதைப் பொறுக்கி எடுப்பதுமே. 1995 இல் மொன்றியல் மாநாட்டை நடத்திய அலன் மொன்ஜோ, பின்னர் தலைமையகமும் அதே நகருக்கு மாறியபோது அதன் பொறுப்பையும் சுமந்தார். 2000 இல் அவர் தொடங்கிய மியூடெக் இசை விழாவைத்தான் பலர் அறிவர், அந்தத் தலைமையக ஆண்டுகளை யாரும் பேசுவதில்லை. ரொறன்ரோவின் நினா செக்லெடி நிர்வாகசபைக்குத் தலைமை வகித்தார். இங்கிலாந்தின் பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் தலைமையகம் இயங்கிய காலத்தில் அதன் பணிப்பாளராக இருந்த சூ கொலிஃபர் அச்சுக்கலையிலும் கணினிக் கலையிலும் ஈடுபட்டவர்.

ஆயினும் என் கணிப்பில் இவர்கள் எல்லோரிலும் கனமான வேலையைச் செய்பவர்கள் ஆவணகாப்பகத்தை உருவாக்கியவர்களே. ஒவ்வொரு மாநாட்டின் கட்டுரைகளும் நிகழ்ச்சி ஏடுகளும் படைப்பு விவரங்களும் அந்தந்த நகரத்தாரிடமே தங்கிவிட்டன. மாநாடு முடிந்து சில ஆண்டுகளில் அதன் இணையத்தளம் மறைந்துவிடும். தொடக்கத்திலிருந்தே காகிதங்களைச் சேர்த்து வைத்த வான் டெர் பிளாஸோடு, அமெரிக்காவின் பொனி மிச்சல், ஜேன் சேர்ல்மன் முதலியோர் இணைந்து, 1988 தொடக்கம் நடந்தவற்றை ஒரே இடத்தில் திரட்டியிருக்கிறார்கள். பிந்திய இருவரும் கணினி வரைகலைக்கான சிக்கிராஃப் அமைப்பின் கணினிக் கலை ஆவணங்களுக்கும் இதே உழைப்பைத் தந்தவர்கள். நூலகம் திட்டத்தில் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக மின்வருடி ஏற்றிவரும் தன்னார்வலர்களை அறிந்த நமக்கு, இந்த வேலையின் முதுகுவலி எத்தகையது என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

கொழும்பிலேயே இதற்கு ஒரு முன்னோடிக் கதை இருக்கிறது. '43 குழு' என்னும் ஓவியர் குழுவைக் கூட்டிய லயனல் வென்ட் அடிப்படையில் பியானோக் கலைஞரும் ஒளிப்படக் கலைஞருமாவார். அக்காலத்தில் ஒளிப்படம்தான் புது ஊடகம். குழு அமைந்த மறு ஆண்டே, 1944 இல், அவர் இறந்தார். அவரது ஒளிப்படச் சுருள்கள் அதன் பின் அழிக்கப்பட்டுவிட்டன. அச்சிட்ட பிரதிகளே எஞ்சின. ஆனால் குழுவின் செயலாளராக இருந்த ஹரி பீரிஸ் நீண்ட காலம் வாழ்ந்து, தோழர்களின் ஓவியங்களைப் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள தம் வீட்டிலேயே சேர்த்து வைத்தார். அந்த வீடுதான் இன்று ஓவியக் காட்சியகமாக இருக்கும் சப்புமால் நிலையம். (தொடர்பாடல் செய்மதிகளைப் பற்றி 1945 இலேயே எழுதிய ஆதர் சி. கிளார்க் வாழ்ந்ததும் அதே தெருவில்தான்.) வென்டின் பெயரில் அரங்கம் நிற்கிறது, அது நியாயமே, ஆயினும் அக்குழு வரைந்தவற்றை இன்று நாம் கண்ணால் காண்பதற்குச் செயலாளருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐ.எஸ்.இ.ஏ. மீது எனக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊதியமில்லாத தொண்டு என்பது கேட்பதற்கு உயர்வானது, ஆனால் மாதச் சம்பளம் தரும் பல்கலைக்கழகம் ஒன்று பின்னால் இருப்பவர்களாலேயே அத்தகைய தொண்டை ஆண்டுக்கணக்கில் செய்ய முடியும். ஆகவே நிர்வாகசபைகளில் ஐரோப்பிய, வட அமெரிக்கப் பெயர்களே பல காலம் மிகுந்திருந்ததில் வியப்பில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு இத்தகைய மாநாடுகளுக்கு விண்ணப்பிப்பவர்களின் அனுபவம் வேறு. என் படைப்பொன்று வேறொரு விழாவில் ஏற்கப்பட்டும், விசா மறுப்புக் கடிதம் விழா முடிந்து நான்காம் நாள் வந்து சேர்ந்தது. 2020 மொன்றியல் மாநாடு பெருந்தொற்றினால் இணையவழிக்கு மாறியபோது, ஒரு கூப்பன் டேட்டாவோடு நான் அதை வீட்டிலிருந்தே பார்த்தேன். அந்த வாசலையாவது இனி மூடாமல் வைத்திருப்பதும் தலைமையின் கடமை என்றே கருதுகிறேன்.

அந்த ஆவணகாப்பகத்தில் படைப்புகளைப் பற்றிய பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று உறைத்தது. ஓடாத படைப்புக்கும் அங்கே ஒரு விவரம் இருக்கிறது: யார் செய்தார், என்ன கருவி, பார்வையாளர் என்ன செய்தார். என் பஸ் வரைபடத்துக்கு அப்படி ஒரு வரிகூட நான் எழுதி வைக்கவில்லை. சென்ற ஞாயிறு உட்கார்ந்து எழுதத் தொடங்கி, ஒலிப்பதிவுக் கருவி, பதிவுசெய்த மாதம், கொள்ளுப்பிட்டி முதல் தெஹிவளை வரையான தரிப்பிடங்கள் என்று மூன்று பக்கம் நிரப்பினேன். பதிவிலிருந்த எட்டு நடத்துநர்களில் ஆறு பேருடைய பெயர்கள் நினைவுக்கு வந்தன.