தோவாளைப் பூவிலைப் பக்கம்: ஓணத்துக்கு முன்

19 ஆகஸ்ட் 2025
தோவாளைச் சந்தையின் பூவிலையைக் காட்டும் வலைப்பக்கம் மடிக்கணினியில் ஓடுகிறது. நிரலை ஏற்றி ஓட்டும் கூகுளின் கிளவுட் ரன்னில் எழும்பவே இல்லை. பக்கத்தை எழுதிய பைத்தான் வலைக் கட்டமைப்பான பிளாஸ்க் தன் வழக்கப்படி, அதே கணினிக்கு மட்டும் திறந்த 127.0.0.1-இல் 5000 போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கிளவுட் ரன்னிலோ, வெளியிலிருந்தும் எட்டும் 0.0.0.0-இல், ‘போர்ட்’ என்ற சூழல் மாறியில் வரும் எண்ணில் கேட்க வேண்டும். வழக்கமாக 8080 தான். ஆனாலும் எண்ணை நேராக எழுதாமல் மாறியிலிருந்தே எடுக்கும்படி, பிளாஸ்க்கை ஓட்டும் சர்வரான குனிகார்னின் வரியைத் திருத்தியாயிற்று.

20 ஆகஸ்ட்
ஏறிவிட்டது. மும்பை ரீஜன். இன்ஸ்டன்ஸ், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் பிரதி, உச்சவரம்பு 2.

21 ஆகஸ்ட், இரவு
சாயங்காலம் பதிந்த பிச்சி, மல்லி, கிரேந்தி விலை எதுவும் இப்போது இல்லை. விலை சேரும் எஸ்க்யூஎல்லைட் தரவுக் கோப்பு, நிரலைப் பொதிந்து ஓட்டும் கன்டெய்னருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அங்கே வட்டு என்பது நினைவகம்தான். இன்ஸ்டன்ஸ் அணைந்தால் கோப்பும் போச்சு. இதைவிட மோசம், இரண்டு இன்ஸ்டன்ஸ் எழும்பினால் கோப்பும் இரண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வியாபாரிகளுக்கு இரண்டு விலை. பூச்சந்தையில் அது சண்டையில்தான் போய் நிற்கும்.
கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் கூகுளின் தரவுத்தளமான பயர்ஸ்டோருக்கு மாற்றுகிறேன். இலவசமாக நாளுக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து; இந்தப் பக்கத்துக்குத் தாராளம். கூகுளின் இன்னொரு தரவுத்தளமான கிளவுட் எஸ்க்யூஎல் ஆள் வராத நேரத்துக்கும் காசு கேட்கும்.

22 ஆகஸ்ட்
ஆரல்வாய்மொழிக் காற்று. கரண்ட் வந்து வந்து போனது.

23 ஆகஸ்ட்
“இது நேத்தைக்க வெலைல்லா?” காலையில் போனில் முதல் கேள்வி.
விலை சரி, தேதிதான் தப்பு. கன்டெய்னர் கடிகாரம் யூடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும் உலகப் பொது நேரம். நம் காலை 4:10 அதற்கு முந்தின நாள் இரவு 10:40. பகலில் சோதித்தால் பிழை தெரியவே தெரியாது. ஐந்தரைக்கு முன் பதிகிற விலை எல்லாம் நேற்றைய கணக்கில் விழும். தோவாளையில் முதல் விலை வருவதே அந்த நேரத்தில்தான். சேமிப்பது யூடிசியிலேயே இருக்கட்டும், தேதி பிரிக்கும் இடத்தில் மட்டும் ‘ஆசியா/கொல்கத்தா’. கன்டெய்னருக்கு அடிப்படையான மெலிந்த இமேஜில் நேர மண்டலப் பட்டியல் இல்லாமல் போகலாம். அந்தப் பட்டியலைத் தரும் ‘டிஇசட்டேட்டா’வைத் தேவைப் பட்டியலில் சேர்த்தேன்.

24 ஆகஸ்ட்
நாலு மணிக்கு முதலில் திறப்பவர் வெள்ளைத் திரையைப் பார்த்து நிற்கிறார். ஆளில்லாவிட்டால் இன்ஸ்டன்ஸ் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அடுத்தவர் வரும்போது பைத்தான் முதலிலிருந்து எழும்ப வேண்டும். ஒரு சிஎஸ்வி அட்டவணைக் கோப்பை வாசிக்க மட்டும் பாண்டாஸ் என்ற பெரிய நூலகம் உள்ளே இருந்தது. எடுத்துவிட்டுப் பைத்தானின் சொந்த சிஎஸ்வி நூலகத்தைப் போட்டதும் எழும்பும் நேரம் 6 வினாடியிலிருந்து 2 ஆனது.
குறைந்தபட்ச இன்ஸ்டன்ஸ் 1 என்று வைத்தால் பகல் முழுக்கக் காசு. அதனால், குறித்த நேரத்தில் பக்கத்தைத் தட்டி எழுப்பும் கிளவுட் ஷெட்யூலர்: ‘*/5 3-5 * * *’. மூன்றிலிருந்து 5:55 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தட்டு. நேர மண்டலத்தைச் சொல்லாமல் விட்டால் இதுவும் யூடிசிதான். நம் எட்டரைக்குத்தான் முதல் தட்டு விழும், சந்தை கலையும் நேரத்தில்.

25 ஆகஸ்ட்
மறுபடியும் தேதி. வாரப் பட்டியலில் ஒரு நாள் பின்னால். அங்கே தேதி பிரிக்கும் வரி தனியாக இருந்தது. புது வடிவம் இன்னொன்றை உடைத்தது. பழைய ரிவிஷன், அதாவது முன்பு ஏற்றிய வடிவம், அப்படியே இருந்ததால் போக்குவரத்தை அதற்குத் திருப்பிவிட்டு, பிறகு நிதானமாகத் திருத்தினேன்.

26 ஆகஸ்ட், அத்தம் (ஓண நாட்களின் தொடக்கம்)
3:50. லாகில் ஷெட்யூலரின் தட்டு, பதில் 200, அதாவது சரி.
4:05. பக்கம் உடனே திறந்தது. தேதி 26. பிச்சி விலை இன்னும் வரவில்லை.