ஐபி டிப்ளமோ: இரண்டாம் ஆண்டு அக்டோபர்

ஊரில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். கடைசியில் ஒரு பொதுத்தேர்வு வரும், அதற்கு முந்தைய மூன்று மாதம் முழுமூச்சாக உட்கார்ந்தால் தேறிவிடலாம். வெளிநாட்டில் ஐபி டிப்ளமோ, அதாவது பிளஸ் டூவுக்கு இணையான இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற இரண்டாண்டுப் படிப்பு, படிக்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. மே மாதம் தேர்வு அறைக்குள் நுழையும்போதே மதிப்பெண்ணில் ஒரு நல்ல பங்கு முடிவாகியிருக்கும். அந்தப் பங்கு பெரும்பாலும் சிதைவது இரண்டாம் ஆண்டு செப்டம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில்.

நார்வேயின் மேற்குக் கரையில் ஃப்ளெக்கே என்ற சிற்றூரில் இருக்கும் யுடபிள்யுசி ரெட் கிராஸ் நோர்டிக் பள்ளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1995இல் தொடங்கியது. 1962இல் வேல்ஸில் அட்லாண்டிக் காலேஜோடு ஆரம்பித்த யுனைடெட் வேர்ல்டு காலேஜஸ் வரிசையில் ஒன்று. புனேக்குப் பக்கத்தில் இருக்கும் மஹிந்திரா காலேஜும் அதே குடும்பம்தான். விடுதி அறையில் ஐந்து பேர், பெரும்பாலும் ஐந்து நாட்டுக்காரர்கள். அக்டோபரில் பொழுது சுருங்கத் தொடங்கி டிசம்பரில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகிவிடும். மழை வேறு. வேலைகள் குவியும் மாதங்களும் இருட்டும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. இது தெரிந்துவிட்டால் மற்றதைத் திட்டமிடலாம்.

முதலில் கணக்கு. ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 7, ஆக 42. எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்ற நீண்ட ஆய்வுக் கட்டுரையும், டிஓகே (தியரி ஆஃப் நாலெட்ஜ்) என்ற அறிவுக் கோட்பாட்டுப் பாடமும் சேர்ந்து 3. மொத்தம் 45. மூன்று பாடம் ஹையர் லெவல், அதாவது எச்எல்: இரண்டு ஆண்டில் 240 மணி நேர வகுப்பு. மீதி மூன்று ஸ்டாண்டர்டு லெவல், எஸ்எல்: 150 மணி நேரம். தேறுவதற்கு 24 வேண்டும். ஆனால் 24 மட்டும் போதாது. எச்எல் மூன்றிலும் சேர்த்து 12, எஸ்எல் மூன்றிலும் சேர்த்து 9 இருக்க வேண்டும். எந்தப் பாடத்திலும் 1 வாங்கக் கூடாது. எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயிலோ டிஓகேயிலோ 'ஈ' கிரேடு வந்தால், 35 புள்ளி எடுத்திருந்தாலும் டிப்ளமோ கிடையாது.

பாடத் தேர்வுக்கு முதல் இரண்டு மூன்று வாரம்தான் நேரம் தருவார்கள், பிறகு மாற்றுவது கடினம். கணிதத்தில் இரண்டு வகை உண்டு. அனலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ் என்பது நாம் பழகிய இயற்கணிதம், நுண்கணிதம், நிரூபணம். அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரட்டேஷன் புள்ளியியலும் மாதிரியாக்கமும் சார்ந்தது, எல்லாத் தாள்களிலும் கால்குலேட்டர் உண்டு. பொறியியல், இயற்பியல், பொருளாதாரம் படிக்க நினைப்பவர்கள் முதல் வகையை எச்எல்லில் எடுப்பதே பாதுகாப்பு. பல பல்கலைக்கழகங்கள் அதைப் பெயர் சொல்லியே கேட்கின்றன.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் வழுக்கும் இடம் மருத்துவம். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஐபியின் வழக்கமான அமைப்பில் இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல் பாடம், ஒரு கணிதம் போனால், கலைப் பாடத்தை விட்டுக்கொடுத்தாலும் அறிவியலுக்கு இரண்டு இடம்தான் மிஞ்சும். மூன்றாவது வேண்டுமென்றால், பல்கலைக்கழக நிபந்தனையைச் சான்றாகக் காட்டி, வழக்கத்துக்கு மாறான டிப்ளமோவுக்குப் பள்ளி மூலமாக ஐபியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். இதைப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஐபி ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில் நினைவு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தமிழைப் பாடமாக எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியை, பள்ளியின் துணையோடு சுயமாகப் படிக்கும் இலக்கியப் பாடமாக எஸ்எல்லில் எடுக்கலாம். ஒன்பது நூல்கள் படிக்க வேண்டும். சில அந்த மொழியிலேயே எழுதப்பட்டவையாகவும், குறைந்தது மூன்று மொழிபெயர்ப்புகளாகவும் இருக்க வேண்டும், மீதியில் சுதந்திரம் உண்டு. மொழி எதுவானாலும், அந்தத் தேர்வுப் பருவத்துக்கு அது கிடைக்குமா என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். தாய்மொழி இலக்கியத்தோடு அறிவியலையோ வரலாற்றையோ ஆங்கிலத்தில் எழுதித் தேறினால் இருமொழி டிப்ளமோ வரும். கவுரவமான விஷயம்தான். ஆனால் கால அட்டவணையில் வகுப்பு இல்லாத பாடம் என்பதால், வாரத்துக்கு மூன்று மணி நேரத்தை நீங்களே ஒதுக்காவிட்டால் அதுதான் முதலில் கைநழுவும்.

இப்போது ஐஏ. இன்டர்னல் அசெஸ்மென்ட் என்பதை ஊரில் உள்ள செய்முறைத் தேர்வு மதிப்பெண் மாதிரி, ஆசிரியர் பார்த்துப் போட்டுக் கொடுப்பது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆசிரியர் போடும் மதிப்பெண்ணை ஐபி மாதிரிகள் வரவழைத்துச் சரிபார்க்கும். தாராளமாகப் போட்டிருந்தால் மொத்த வகுப்புக்கும் குறையும். அறிவியல் பாடங்களில் இது 20 சதவீதம்: நீங்களே ஒரு கேள்வியை எழுப்பி, சோதனை செய்து, 3,000 சொல்லுக்குள் எழுதும் அறிக்கை. கணிதத்திலும் 20 சதவீதம், 12 முதல் 20 பக்கம். பொருளாதாரத்தில் செய்திக் கட்டுரைகளை வைத்து தலா 800 சொல்லில் மூன்று விமர்சனம்.

அறிவியல் ஐஏ எங்கே கெடுகிறது? கேள்வி நன்றாகவே இருக்கும், தரவு போதாது. மாற்றும் காரணிக்குக் குறைந்தது ஐந்து மதிப்பாவது வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மூன்று முறையாவது அளவெடுக்க வேண்டும், ஆக 15 ஓட்டம். ஒரு டைட்ரேஷனுக்குப் பத்து நிமிடம் என்று போட்டாலும் கழுவுவது, கரைசல் தயாரிப்பது, முதல்நாள் சொதப்பல் எல்லாம் சேர்ந்தால் ஒரு மதியத்தில் முடியாது. ஆய்வகப் பொறுப்பாளரிடம் வேதிப்பொருள் பட்டியலை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். பத்து மணிநேர வேலை என்று ஐபியின் பாட வழிகாட்டி நூல் சொல்வதை நம்பி டிசம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளியவர்களிடம் மூன்று புள்ளி கொண்ட வரைபடமும் பிழை வரம்பே இல்லாத அட்டவணையும்தான் மிஞ்சும். அளவுக்கருவியின் பிழை வரம்பு, அது கணக்கின் வழியே கடைசி விடைக்குள் எப்படி வருகிறது, இவை இரண்டும் இல்லாத அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் மேல் மதிப்பெண் தொடாது.

எக்ஸ்டெண்டட் எஸ்ஸே 4,000 சொல். அதற்கு மேல் எழுதியதைத் திருத்துபவர் படிக்கவே மாட்டார். முடிவுரை 4,200ஆவது சொல்லில் இருந்தால் உங்கள் கட்டுரைக்கு முடிவுரையே இல்லை என்று பொருள். மேற்கோள்கள் சொல்கணக்கில் சேரும், நூற்பட்டியலும் அட்டவணைகளும் சேராது. பெரும்பாலான கட்டுரைகள் கேள்வியிலேயே தோற்றுவிடும். 'மீன் பண்ணைகள் சுற்றுச்சூழலைப் பாதிக்கின்றனவா' என்பது கேள்வி அல்ல, பட்டிமன்றத் தலைப்பு. 'சேமித்து வைக்கும் வெப்பநிலை கூடும்போது எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி ஏழு நாளில் எவ்வளவு குறைகிறது' என்பது கேள்வி. அளக்க முடியும், முடிவு தெரியும், ஏன் என்று விவாதிக்க இடமும் உண்டு. வழிகாட்டி ஆசிரியர் முழு வரைவை ஒருமுறைதான் படித்துக் கருத்து சொல்வார். பாதி வெந்ததை அனுப்பினால் அந்த ஒரு வாய்ப்பும் வீண். அதனால் முதலாண்டு முடிந்து வரும் கோடை விடுமுறையிலேயே 3,000 சொல்லாவது எழுதிவிடுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளையைக் கல்யாணம், கோயில் என்று எட்டு வாரமும் இழுத்துக்கொண்டு அலையாமல், பெற்றோர் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை.

டிஓகே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலாண்டில் கண்காட்சி: மூன்று பொருள், 950 சொல். பொதுவான பொருள் வைத்தால் மதிப்பெண் குறையும். 'ஒரு வரைபடம்' போதாது, எந்த ஆண்டு யார் அச்சிட்ட வரைபடம் என்று இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஐபி தரும் ஆறு தலைப்பில் ஒன்றுக்கு 1,600 சொல் கட்டுரை.

காஸ். சமையல் காஸ் இல்லை. படைப்பு, உடலியக்கம், சேவை மூன்றுக்கும் சேர்த்து வைத்த பெயர். புள்ளி கிடையாது, ஆனால் இது முடியாமல் டிப்ளமோவும் கிடையாது. சுமார் 18 மாதம் தொடர்ந்து நடக்க வேண்டும், குறைந்தது ஒரு மாதம் நீளும் கூட்டுத் திட்டம் ஒன்றும் வேண்டும். கயாக் ஓட்டுவது, அண்டை மறுவாழ்வு மையத்தில் உதவுவது, பாட்டுக் குழு என்று செய்வதில் யாரும் குறை வைப்பதில்லை. செய்ததை எழுதிவைப்பதில்தான் குறை. ஞாயிறு இரவு பதினைந்து நிமிடம் ஒதுக்கி அந்த வாரம் செய்ததை மேனேஜ்பேக் என்ற பள்ளிப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. ஜனவரியில் உட்கார்ந்து ஒன்றரை ஆண்டு அனுபவத்தைக் கற்பனையாக எழுதுவது தண்டனை. படிப்பவருக்கும் தெரிந்துவிடும்.

இனி அந்த அக்டோபர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், பிரிட்டனின் மருத்துவப் படிப்புகளுக்கு, அந்நாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யுகாஸ் அமைப்பின் கடைசி நாள் அக்டோபர் 15. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் முன்கூட்டிய விண்ணப்பம் நவம்பர் 1. கணிப்பு மதிப்பெண்ணை, அதாவது இறுதியில் நீங்கள் எவ்வளவு எடுப்பீர்கள் என்ற மதிப்பீட்டை, ஆசிரியர்கள் அதற்கு முன் முடிவு செய்தாக வேண்டும். அப்போது அவர்கள் கையில் இருக்கும் பெரிய சான்று, முதலாண்டு முடிவில் நடந்த பள்ளித் தேர்வு. 'இது ஐபிக்குப் போகாதே' என்று அலட்சியமாக எழுதிய அந்தத் தேர்வுதான், கேம்பிரிட்ஜ் போல எச்எல்லில் 7, 7, 6 கேட்கும் இடத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும். அதே வாரங்களில் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே வரைவு, கணித ஐஏ, டிஓகே கட்டுரை எல்லாம் வரிசையில் நிற்கும். ஐபியின் கடைசி நாள் வசந்த காலத்தில்தானே என்று சொல்லிப் பயனில்லை. பள்ளி தனக்கென்று வைக்கும் தேதிகள் பல மாதம் முந்தியவை, நீங்கள் மதிக்க வேண்டியது அவற்றைத்தான். எழுதுவதைவிடத் தேதிகளை ஒரே தாளில் குறித்துப் படுக்கைக்கு மேலே ஒட்டுவது முதல் வேலை. ஒரே வாரத்தில் மூன்று விழுந்தால் ஒன்றை முன்னால் இழுக்க வேண்டும். பின்னால் தள்ளக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

அவசரத்தில்தான் திருட்டும் நடக்கிறது. மேற்கோள் குறி இல்லாமல் நான்கு வரி எடுத்தாலும் திருட்டுதான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஐபி முற்றாகத் தடை செய்யவில்லை. ஆனால் அது எழுதியதைக் குறிப்பிடாமல் சொந்த எழுத்தாகக் கொடுத்தால் முறைகேடு. அந்தப் பாடத்துக்கு கிரேடே வராமல் போகலாம், டிப்ளமோவும் அதோடு போகும்.

ஐந்து பேர் அறையில் இரவு ஒரு மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் சண்டை வரும். முதல் வாரத்திலேயே அணைக்கும் நேரத்தைப் பேசி முடித்துவிட்டு, அதன் பிறகு படிப்பவர் பொது அறைக்குப் போவது என்று வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. குளிர்காலத்தில் மதிய இடைவேளை வெளிச்சத்தில் அரை மணி நேரம் வெளியே நடக்காதவர்களுக்குத் தூக்கம் கெடும், பிறகு காலை எட்டு மணி வகுப்பு கெடும். மழைக்கான மேல்சட்டை மட்டும் போதாது, கால்சட்டையும் வேண்டும்.

முடிவுகள் ஜூலை முதல் வாரத்தில் வரும். இந்தியக் கல்லூரிச் சேர்க்கையில் சில அதற்கு முன்பே ஆவணம் கேட்கும். அதனால் பள்ளியின் கணிப்பு மதிப்பெண் கடிதத்தை முத்திரையோடு மே மாதமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது பாடத்தில் எல்லைக்கோட்டில் தவறியிருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம், கட்டணம் உண்டு. கிரேடு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். எல்லைக்கு எத்தனை மதிப்பெண் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.