சாப்பிட்டு வருவதற்குள் முடியாத ‘ஆப்ட் அப்டேட்’

உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கும் என் கணினியில் ஆறு மாதமாக ஒரு வழக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ அடித்துவிட்டுப் போவேன். ‘ஆப்ட்’ என்பது உபுண்டுவில் மென்பொருள்களை இறக்கிப் பதிக்கும் கருவி. புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்ற பட்டியலை இந்தக் கட்டளை வாங்கி வரும். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் 0 சதவீதத்தில் நிற்கும். பக்கத்தில் ‘வெயிட்டிங் ஃபார் ஹெடர்ஸ்’, அதாவது சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கிறதாம். இத்தனைக்கும் வீட்டில் இருப்பது 100 எம்பிபிஎஸ் இணைப்பு. பிரவுசரில் எதை இறக்கினாலும் நொடிக்குப் பத்து எம்.பி. தாராளமாக வரும்.

முதலில் ரவுட்டரை அணைத்துப் போட்டேன். யார்தான் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறோம்? ஒன்றும் மாறவில்லை. அப்புறம் ‘ஆப்ட்-ஃபாஸ்ட்’ போட்டேன். ஆப்ட் வழக்கமாக ஒரு சர்வரிடம் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு வரிசையாக வாங்கும். ஆப்ட்-ஃபாஸ்ட் என்பது ‘ஏரியா2’ என்ற டவுன்லோடரை வைத்து ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கும் ஸ்கிரிப்ட். பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் பொட்டலங்கள், இறங்கும் கட்டத்தில் கொஞ்சம் வேகம் கூடியது உண்மை. ஆனால் என் நோய் அதற்கு முந்தைய கட்டத்தில், பட்டியலை வாங்கும் இடத்தில் இருந்தது.

லினக்ஸிலேயே குடியிருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன்.

“திரையில என்ன வருதுன்னு அப்படியே வாசி மாப்ள.”

“கனெக்டட் டு... அப்புறம் எண்ணும் எழுத்தும் முக்காற்புள்ளியுமா நீளமா ஏதோ வருது.”

“முக்காற்புள்ளி வருதுல்ல? அது ஐபிவி6. உன் லைன்ல அந்த வழி மட்டும் சொதப்புது. ஐபிவி4-ல போகச் சொல்லு.”

ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் இணைய முகவரி முறைகள். முன்னது பழசு, பின்னது புதுசு. பிரவுசரில் நான் வேகம் பார்த்த தளம் ஐபிவி4 வழியாக வந்துகொண்டிருந்ததால் இந்தக் கோளாறு அங்கே தெரியவே இல்லை. ஆப்ட்டுக்குரிய ‘கான்ஃப் டாட் டி’ ஃபோல்டரில் 99 என்று தொடங்கும் ஒரு புது ஃபைல் வைத்து, ‘ஃபோர்ஸ் ஐபிவி4’ என்ற அமைப்பை ‘ட்ரூ’ ஆக்கினேன். அங்குள்ள ஃபைல்களை ஆப்ட் பெயர் வரிசையில் படிக்கும் என்பதால், 99 போட்டால் நம் பேச்சு கடைசியாக நிற்கும். வரியின் முடிவில் அரைப்புள்ளி வைக்க மறந்தேன். ‘எக்ஸ்ட்ரா ஜங்க் அட் எண்ட் ஆஃப் ஃபைல்’ என்று திட்டிவிட்டு ஆப்ட் ஓடவே மறுத்தது. அரைப்புள்ளியை வைத்ததும் அரை மணி நேர வேலை எட்டு நொடியில் முடிந்தது. நம்பாமல் மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். வேகத்தின் ருசி கண்டுவிட்டதால் மிரர், அதாவது மூல சர்வரின் நகலை வைத்திருக்கும் சர்வர், மாற்றவும் இறங்கினேன். ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ திறந்து, ‘டவுன்லோட் ஃப்ரம்’ பட்டியலில் ‘அதர்’ போனால், ‘செலக்ட் பெஸ்ட் சர்வர்’ பொத்தான் இருக்கிறது. அது ஒவ்வொரு மிரரையும் சோதித்து ஒன்றைக் காட்டும். காட்டியதை அப்படியே ஏற்றேன். இரண்டு நாள் பறந்தது. மூன்றாம் நாள் ‘ஹாஷ் சம் மிஸ்மேட்ச்’, அதாவது இறங்கிய ஃபைல் எதிர்பார்த்ததோடு ஒத்துப்போகவில்லை. அந்த மிரர் மூல சர்வரிலிருந்து பாதி நகலெடுத்த நிலையில் நான் போய் நின்றிருக்கிறேன். பழைய பட்டியல்களை அழித்து, வேறொரு மிரருக்கு மாறியதும் சரியானது. உபுண்டுவின் மிரர் பட்டியலில் எது புதிதாக இருக்கிறது, எது ஒரு நாள் பின்தங்கி இருக்கிறது என்றே போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். செக்யூரிட்டி அப்டேட்டுகளை மட்டும் மிரருக்கு மாற்றாமல் மூல சர்வரிலேயே விட்டேன். அங்கே ஒரு நாள் தாமதம்கூட வேண்டாம். ‘யாரோ வைத்திருக்கும் மிரரை எப்படி நம்புவது’ என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பட்டியலில் உபுண்டுவின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். நடுவில் யாராவது கை வைத்தால் ஆப்ட் ஏற்றுக்கொள்ளாது.

வீட்டில் இன்னும் இரண்டு லேப்டாப்களிலும் உபுண்டுதான். ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ பேக்கேஜ் ஒன்றே 200 எம்.பி.க்கு மேல். அதை மூன்று கணினிக்கும் தனித்தனியாக இறக்குவது வயிற்றெரிச்சல். மேசைக் கணினியில் ‘ஆப்ட்-கேஷர்-என்ஜி’ போட்டேன். 3142 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் அந்த எண்ணுள்ள இணைப்பு வாசலில், உட்கார்ந்துகொண்டு, ஒரு கணினி கேட்ட பேக்கேஜைத் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். அடுத்த கணினி கேட்டால் இணையத்துக்குப் போகாமல் கையிலிருந்தே கொடுக்கும். லேப்டாப்களில் ஆப்ட்டுக்கு ப்ராக்ஸி (இடைத்தரகர்) என்று அந்த முகவரியை ஒரு வரி எழுதினால் போதும். இரண்டாவது லேப்டாப்பில் அப்கிரேட் ஓடியபோது நொடிக்கு 40 எம்.பி. காட்டியது. எல்லாம் வீட்டு வைஃபைக்குள்ளேயே நடக்கிற கொடுக்கல் வாங்கல்.

போன வாரம் மனைவி லேப்டாப்போடு அம்மா வீட்டுக்குப் போனாள். இரவு போன் வந்தது.

“என்னங்க, இங்க எதுவுமே இன்ஸ்டால் ஆகல. 3142-ன்னு ஏதோ சொல்லி நிக்குது.”

கேட்கும் கணினி ஊர் மாறிவிட்டது, கொடுக்கும் கணினி என் மேசையில் அணைந்து கிடக்கிறது. ப்ராக்ஸி எழுதிய அந்த ஒரு வரியை ஆப்ட் கண்டுகொள்ளாமல் விட, அதன் தலையில் இரண்டு சாய்கோடு போட போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். திரும்பி வந்ததும் ‘ஆட்டோ-ஆப்ட்-ப்ராக்ஸி’ போட்டுத் தர வேண்டும். வீட்டில் கேஷர் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் நேராக இணையத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளுமாம்.