வைரவபுளியங்குளத்தை டிமைத் தாளில் வரைந்து பார்த்தேன்

அம்மம்மா காலமாகி எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, பந்தலுக்குள் இரண்டு பெரியவர்கள் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார்கள். பழைய சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) றோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் அது. ஒருவர் ஸ்டேஷன் பக்கம் என்றார், மற்றவர் குளத்துப் பக்கம் என்றார். அம்மம்மா இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடித்திருப்பா. எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பிறந்து வளர்ந்த தெரு அது.

அந்தக் கிழமையே தொடங்கினேன். வவுனியா புகையிரத நிலைய வீதியிலிருந்து வைரவபுளியங்குளத்தின் அணைக்கட்டு வரைக்கும், நடந்து முடிக்கக் கூடிய ஒரு துண்டு நிலம். அதில் யார் யார் இருந்தார்கள், எங்கே என்ன கடை, எங்கே என்ன மரம் என்று சேர்ப்பதுதான் திட்டம். இன்றைக்கு இந்தப் பக்கம் வருகிறவருக்கு டியூஷன் வகுப்பும் பின்னேரச் சைக்கிள் நெரிசலும்தான் கண்ணில் படும். எட்டு மாதமாகிறது. இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் இரண்டு மாதமும் வீண். ஒரு படிவம் தயாரித்துக்கொண்டு போனேன். பெயர், வீடு, தொழில், குடிவந்த ஆண்டு. ஆண்டு என்ற கட்டம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பேசிக்கொண்டிருந்தவர் அந்தக் கேள்வியில் நின்றுவிடுவார். “அறுபதோ அறுபத்தைஞ்சோ, போடுங்கோ தம்பி” என்பார், பிறகு பேச்சு எழும்பாது. எங்கள் ஊரில் பலரிடம் காணி உறுதியும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை, கலியாணப் படமும் இல்லை. ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாகப் போனது. அப்படிப்பட்டவரிடம் ஆண்டு கேட்பது அவருக்குப் பரீட்சை வைப்பது மாதிரி. அது எனக்கு உறைக்க இரண்டு மாதம் எடுத்தது.

வழி காட்டியவர் குளத்தடியில் இருக்கும் ஓர் ஆச்சி. அவவின் வீட்டு முன்விறாந்தை எப்போது கட்டியது என்று கேட்டேன். “வருசம் எனக்குத் தெரியாது ராசா. புயலுக்குக் கூரை போச்சு. மற்ற போகத்து நெல்லு வித்துத்தான் ஓடு போட்டனாங்கள்.” அவ சொன்ன புயல் 1964 மார்கழிப் புயல். வவுனியாவைக் கடந்து மன்னார்ப் பக்கமாகப் போய்த் தனுஷ்கோடியை அழித்தது அதுதான். ஆச்சி ஆண்டைச் சொல்லவில்லை, ஆனால் ஆண்டு கிடைத்துவிட்டது. கூரை ஓலை எந்தத் திசைக்குப் பறந்தது, அன்றிரவு எந்த வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள், அந்த வீட்டுக்காரி என்ன காய்ச்சிக் கொடுத்தா என்று எல்லாம் தானாக வந்தது.

அன்றே படிவத்தை விட்டுவிட்டேன். இப்போது கேட்பது “புயலுக்கு முன்னமோ பின்னமோ?”, “யாழ்தேவி ஓடினதோ நின்றதோ?” என்றுதான். வடக்குக்குப் போகும் றயிலான யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். 1990இல் வடக்குக்கான ஓட்டம் நின்றது. யாழ்ப்பாணம் வரைக்கும் மறுபடி றயில் போனது 2014 ஒக்டோபரில். ஸ்டேஷன் வீதிக்காரருக்கு இதைவிட நல்ல மணிக்கூடு இல்லை. றயில் நின்றிருந்த காலத்துக்குக் கண்டி வீதி (ஏ9) இருக்கிறது. 2002இல் பாதை திறந்தது, 2006இல் மூடியது என்று எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

அடுத்தது வரைபடம். நான்கு டிமைத் தாளைக் கம் பூசி ஒட்டி, றோட்டையும் குளத்தையும் மட்டும் கீறிக்கொண்டு போய்த் தரையில் விரித்தேன். கதிரையில் இருந்தவர்கள் இறங்கிப் பாயில் உட்கார்ந்தார்கள். விரல் தாளில் பட்டால் நினைவு நடக்கத் தொடங்குகிறது. மா அரைக்கும் மில், அதற்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை, பிறகு சைக்கிள் ஒட்டுகிற கொட்டில் என்று வரிசையாக வரும். ஒருவரைத் தனியே வைத்துக் கேட்பதைவிட இருவரை ஒன்றாக இருத்துவது நல்லது. ஒருவர் விட்ட வீட்டை மற்றவர் பிடிப்பார். ஃபோனில் ஒலிப்பதிவு செய்யும்போது மின்விசிறியை நிற்பாட்டச் சொல்லுங்கள். முதல் மூன்று பதிவிலும் எனக்குக் காற்றுச் சத்தம்தான் மிச்சம்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 1977 கலவரத்துக்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 77க்குப் பிறகு வந்தவர்களுக்குக் காணியும் கிணறும் கிடைக்கக் காந்தியம் என்ற தொண்டு அமைப்பு பாடுபட்டது. எங்கள் தெருவிலும் அப்படி வந்த ஐந்து குடும்பங்கள் உண்டு. வரைபடத்தில் அவர்கள் வீட்டைக் காட்டாமலே பழைய ஆட்களின் விரல் தாண்டிப்போனது. கேட்டால், “அவையள் பிறகு வந்த ஆக்கள்” என்றார்கள். பிறகு வந்தாலும் நாற்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தவர்கள் இந்தத் தெருவின் ஆட்கள்தான். அவர்கள் வீடுகளுக்குத் தனியாகப் போய் அவர்களைக் கொண்டே குறித்தேன். தெருக்கோடிக் கிணற்றைத் தோண்டியவர் யார் என்று அங்கேதான் தெரியவந்தது.

பாஸ் காலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது ஃபோனை நிற்பாட்டிவிடுகிறேன். வன்னிக்குள்ளிருந்து வந்தவர்கள் ரவுனுக்குள் தங்கவே பாஸ் எடுக்க வேண்டியிருந்த நாட்கள் அவை. ஓர் அக்கா பிஸ்கட் ரின்னுக்குள்ளிருந்து தன் பாஸ் துண்டை எடுத்துக் காட்டினா. படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றா. சரி என்று மூடி வைத்தேன். அவ எந்த வீட்டில் தங்கினா என்பதை மட்டும் வரைபடத்தில் போடச் சொன்னா, போட்டேன்.

நான் எதிர்பாராமல் கிடைத்தது தண்ணீர்க் கணக்கு. வெள்ளம் வந்தால் எந்த வாசலில் எவ்வளவுக்கு நிற்கும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நீலப் பிளாட்டிக்னப் பேனாவால் புள்ளி வைத்தேன். பங்குனியில் ஒரு நாள் தாளைச் சுவரில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். முப்பத்துச் சொச்சம் நீலப் புள்ளிகளும் வளைந்த ஒரே கோடாக நின்றன, குளத்தின் துருசிலிருந்து (மதகிலிருந்து) தொடங்கி மூன்று ஒழுங்கைகளை வெட்டிக்கொண்டு. ஆச்சியிடம் காட்டினேன். “உது எங்கட வயல் வாய்க்காலெல்லே” என்றா. வீடுகள் எழும்பி, மதில் கட்டி, கொங்கிறீற் போட்ட பிறகும் மாரித் தண்ணீர் அந்த வழியால்தான் போய்க்கொண்டிருக்கிறது. நெளுக்குளம், பண்டாரிக்குளம், கூமாங்குளம், தாண்டிக்குளம் என்று ரவுனைச் சுற்றிக் குளத்தின் பெயரோடு கிடக்கும் ஊர்களில் யாராவது இதே மாதிரிப் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இளைஞர்கள் வந்தால் தாளும் பேனாவும் நான் தருகிறேன்.

சங்கக்கடை விஷயமும் தீர்ந்தது. இரண்டு பெரியவர்களும் சொன்னது சரிதான். புயலுக்கு முன் ஸ்டேஷன் பக்கம், புயலுக்குப் பின் குளத்துப் பக்கம்.

வரைபடத்தில் இப்போது ஒரு துண்டு மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது, புளியமரத்துக்கு அடுத்த வளவு. அங்கே இருந்த குடும்பம் 1990இல் போனது, திரும்பவில்லை. அவர்களின் மூத்த மகள் கனடாவில் இருக்கிறா என்று அறிந்து, தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நேற்றிரவு பதில் வந்தது. படத்தில் விரலால் ஒரு வட்டம் கீறி, “கிணறு இதில, மாட்டுக்கொட்டில் அதுக்குப் பின்னால. மிச்சம் ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன், தம்பி” என்று எழுதியிருக்கிறா.