ரிப்போர்ட்டில் நான் திருமதி

மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்தது, போனது. ரப்பர் தோட்டங்கள் உள்ள எங்கள் குலசேகரம் பக்கம் அது ஒன்றும் அதிசயம் இல்லை, சிரட்டையில் தண்ணீர் தேங்கினால் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? காய்ச்சல் விட்ட பிறகும் விடியற்காலையில் விரல் கணுக்கள் வீங்கி, பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாமல் போனதுதான் பிரச்சினை. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் "சிக்குன்குனியா வலி மாசக்கணக்கில் இருக்கும்" என்று வலி மாத்திரை எழுதினார்கள். அதில் பொய் இல்லை, நிறையப் பேருக்கு அப்படித்தான். ஆனால் எனக்கு வாய்ப்புண், முடி கொட்டுவது, வெயிலில் போனால் கன்னம் சிவப்பது எல்லாம் சேர்ந்தே வந்தன. லூப்பஸ், அதாவது எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய், அதுவாக இருக்குமோ என்று நானே கேட்டதற்கு ஒரு டாக்டர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "அது பொம்பளைங்க வியாதி, உங்களுக்கு எதுக்கு அந்த டெஸ்ட்?"

விஷயத்தை முதலில் பிடித்தது ஊர் வர்ம ஆசான்தான், நம்பினால் நம்புங்கள். எண்ணெய் போடப் போனவனின் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மக்கா, இது எண்ணெய்க்கு அடங்குற வாதம் இல்ல, திருவனந்தபுரம் போய் மூட்டுவாத டாக்டரைப் பாரு" என்று காசு வாங்காமல் அனுப்பினார்.

அங்கே எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைகளை, அலைச்சல் மிச்சம் என்று பக்கத்து டவுனிலேயே ஒரு லேபில் கொடுத்தேன். பணம் கட்டியது என் மனைவி. கவுண்டரில் இருந்த பெண் சீட்டில் ஏ.என்.ஏ. (லூப்பஸ் சந்தேகத்துக்கு முதலில் பார்க்கும் ஆன்டிபாடி டெஸ்ட்) என்று பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள், பால் என்ற இடத்தில் 'பெண்' என்று தட்டிவிட்டாள். ரிப்போர்ட்டில் என் பெயருக்கு முன்னால் 'திருமதி'. வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

திருவனந்தபுரத்தில் டாக்டர் சிரிக்கவில்லை. என் ஹீமோகுளோபின் 12.4. பெண்களுக்குக் குறைந்தபட்ச அளவு 12, ஆண்களுக்கு 13. அதாவது எனக்கு ரத்தசோகை இருக்கிறது, ஆனால் திருமதிக்கு இல்லை என்பதால் லேப்காரர்கள் அதைத் தடித்த எழுத்தில் காட்டவே இல்லை. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். கதையும் அதேதான். அதைவிட மோசம், ஏ.என்.ஏ.வுக்கு நேராக வெறும் 'பாசிட்டிவ்' என்று மட்டும் இருந்தது. "இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது" என்று தள்ளி வைத்துவிட்டார். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கொஞ்ச நாள் இது பாசிட்டிவ் ஆகலாம், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் லேசாக வரும். 2019இல் வந்த லூப்பஸ் வகைப்பாட்டு விதிகளில் குறைந்தது 1:80, அதாவது ரத்தத் திரவத்தை 80 மடங்கு நீர்க்க வைத்தும் பாசிட்டிவ், என்று இருந்தால்தான் மேற்கொண்டு கணக்குப் பார்க்கவே ஆரம்பிப்பார்களாம். கேரள எல்லையில் களியக்காவிளை நெரிசலில் மணிக்கணக்காக நின்று போனது இதைக் கேட்கத்தான்.

காப்பீட்டு மேசையும் பில்லில் 'பெண்' என்று பார்த்ததும் திருப்பி அனுப்பியது. சரி, திருத்தி வாங்கலாம் என்று லேபுக்குப் போனால், "பேஷன்ட் நேரில் வரணும்" என்றார் அங்கே இருந்தவர். நான்தான் பேஷன்ட் என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இல்ல சார், இந்த பேஷன்ட் லேடி." ஆதாரைக் காட்டி, மேனேஜர் வந்து, அவர் யாருக்கோ போன் போட்டு, கடைசியில் மாற்றித் தந்தார்கள். ஹீமோகுளோபின் இப்போது தடித்த எழுத்தில் வந்தது.

மறுபடி சரியான முறையில் ஏ.என்.ஏ., கூடவே லூப்பஸை இன்னும் குறிப்பாகக் காட்டும் டி.எஸ்.டி.என்.ஏ. ஆன்டிபாடி, அந்த நோயில் ரத்தத்தில் குறையக்கூடிய சி3, சி4 புரதங்கள், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். சிறுநீரில் புரதம் போயிருந்தது. சிறுநீரக பயாப்ஸி எடுத்து லூப்பஸ்தான் என்று உறுதி செய்தார்கள், அது சுலபமாகவே முடிந்தது.

பெண்களுக்குத்தானே வரும் என்று டாக்டரிடம் கேட்டேவிட்டேன். ஒன்பது பெண்களுக்கு ஒரு ஆண் என்ற கணக்கு உண்மைதான் என்றார். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஒன்றை உடம்பு அடக்கி வைக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கிற டி.எல்.ஆர்.7 என்ற மரபணு எக்ஸில்தான் இருக்கிறது, சில செல்களில் அது அடங்காமல் இரண்டிலிருந்தும் வேலை செய்கிறது. அதனால் பெண்கள் உடம்பு பொதுவாகக் கிருமியைக் கொஞ்சம் வேகமாக விரட்டும், அதே வேகத்தில் சில சமயம் சொந்த உடம்பின் மேலேயும் பாயும். ஒரு எக்ஸ் கூடுதலாகப் பிறக்கிற ஆண்களுக்கு லூப்பஸ் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு என்றும் சொன்னார். வைரஸ் தனியாக நோயை உண்டாக்கிவிடாது, ஏற்கெனவே சாய்வாக இருக்கிற உடம்பைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. ஒரு கோடிக்கும் அதிகமான அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளைப் பார்த்து 2022இல் வெளியான ஆய்வில், அந்த வைரஸ் தொற்றிய பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எதிர்ப்பு சக்தி மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) வரும் அபாயம் 32 மடங்கு கூடியிருந்தது. ஆனாலும் தொற்றியவர்களில் மிகச் சிலருக்குத்தான் அந்த நோய் வருகிறது. எனக்கு சிக்குன்குனியாதான் தள்ளிவிட்டதா என்றால் அவரும் அடித்துச் சொல்லவில்லை. ஒன்பதுக்கு ஒன்று என்றால் அந்த ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம், அதை ஏன் அந்த முதல் டாக்டர் யோசிக்கவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். ஆண்களுக்கு வந்தால் சிறுநீரகத்தைத் தொடுவது கூடுதலாம்.

காய்ச்சலுக்குப் பின் மூட்டு வலி மூன்று மாதம் தாண்டினால், ஆணோ பெண்ணோ, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பெரிய செலவில்லை. வீக்கத்தை விடியற்காலையிலேயே போனில் படம் எடுங்கள், டாக்டர் கூப்பிடும் நேரத்துக்குள் அது வடிந்துவிடும். பழைய காய்ச்சல் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஏ.என்.ஏ. கொடுக்கும்போது இம்யூனோஃபுளோரசன்ஸ் (மைக்ராஸ்கோப்பில் ஒளிர்வதைப் பார்க்கும்) முறையா, 1:80, 1:160 என்று அளவு வருமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். லூப்பஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. லூப்பஸுக்கும் கொடுக்கும் மலேரியா மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆரம்பிக்கும்போது விழித்திரையை ஒருமுறை காட்டிவிடுங்கள், ஐந்து வருடம் ஆனபின், சிறுநீரகம் பாதித்திருந்தால் அதற்கு முன்பே, வருடாவருடம் காட்ட வேண்டும். மருந்துக் கடையில் "மலேரியாவா அண்ணே?" என்று கேட்பார்கள். லூப்பஸ் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "வீட்டுல அக்காவுக்கா?"