ஹாய் கைஸ்!

ஏற்காடு லேடீஸ் சீட்ல நின்னு, பனிமூட்டத்துல சேலம் தெரியுதான்னு பாத்துட்டிருந்தோம். பக்கத்துல ஒரு பையன் செல்ஃபி ஸ்டிக்கை நீட்டி "ஹாய் கைஸ்!"ன்னான். அம்மாயி திரும்பிப் பாத்து, "யாரைச் சாமி கூப்புடறான்? ஒருத்தரையும் காணமே!"

கை-ங்கறது (நம்ம கை இல்லீங்க) ஒரு ஆளோட பேரு. கை ஃபாக்ஸ். 1605 நவம்பர் 5, லண்டன் பார்லிமெண்டுக்கு அடியில 36 பீப்பாய் வெடிமருந்தோட மாட்டுனவர். அப்புறம் வருசாவருசம் அவராட்டம் கந்தல் மாட்டி பொம்மை செஞ்சு கொளுத்துனாங்க. அந்தப் பொம்மையும் 'கை'தான். பிறகு கோமாளியாட்டம் உடுத்தறவன் 'கை' ஆனான். அமெரிக்கா போனதும் எந்த ஆம்பளையும் 'கை'. இப்பப் பொம்பளைங்களும் சேர்த்தி.

சொன்னதும் அம்மாயி மிளகா பஜ்ஜியைக் கடிச்சுகிட்டே, "அப்ப நம்மளைச் சோளக்கொல்லைப் பொம்மைங்கறானா அவன்?"